கம்ப்யூட்டர்ப் பெட்டியின் ஒலிப் பிறப்பும் விளையாட்டின் திக்கலும்: எலப்புள்ளியை முன்வைத்து ஓர் ஆய்வு

எழுத்துகள் எங்கே பிறக்கின்றன என்பதைத் தொல்காப்பியர் பிறப்பியலில் தீர்த்துவைத்துவிட்டார். உந்தியில் எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு என்னும் இடங்களில் தங்கி, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றின் தொழிலால் வெவ்வேறு ஒலியாகிறது என்பது அவர் முடிபு. மேசைக்கு அடியில் கிடக்கும் கம்ப்யூட்டர், கவுண்டர் ஸ்ட்ரைக் விளையாட்டு தொடங்கிய சில நிமிடங்களில் உறுமுவதும் கீச்சிடுவதும் கடகடப்பதும் எந்த உறுப்பில் பிறக்கின்றன என்று அவர் சொல்லவில்லை. இளம்பூரணரும் நச்சினார்க்கினியரும் இவ்விடத்தில் வாளாவிருந்தனர். அந்தக் குறையை நிரப்ப இக்கட்டுரை முயல்கிறது. பெட்டி அலறும்போதே திரையும் திக்குகிறது. ஆகவே அலறும் உறுப்பே திக்கலுக்குக் காரணம் என்பது ஊர்க்கொள்கை. அது பொருந்தாமை கீழே காட்டப்படும்.

களம் எலப்புள்ளி. பாலக்காட்டுக்குக் கிழக்கே, ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிப்பவர்கள் வாழும் பகுதி. 2025 ஜனவரியில் கேரள அமைச்சரவை இங்கே எத்தனால், மது ஆலைக்கு முதற்கட்ட அனுமதி கொடுத்தது. அதற்குத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று எதிர்ப்பு கிளம்ப, ஊர்ப்பெயர் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. அந்த விவகாரத்தில் இக்கட்டுரைக்குக் கருத்தில்லை. தண்ணீரில் மட்டும் கொஞ்சம் அக்கறை உண்டு, அது பின்னால் வரும்.

மேற்குத் தொடர்ச்சி மலை பாலக்காட்டில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு வழிவிட்டு நிற்கிறது. ஆடியில் மேற்கேயிருந்து ஈரக்காற்று அந்த வழியாகக் கோவைக்குப் போகும். கார்த்திகை, மார்கழியில் காற்று திசை மாறிக் கிழக்கேயிருந்து வறண்டு வரும். மலையாளத்தில் அதற்கு விருச்சிகக் காற்று என்று பெயர். இந்தப் பக்கத்துக் காற்றுக்கும் கரும்பனைக்கும் இலக்கியத்தில் நல்ல இடம் கிடைத்திருக்கிறது. தசரக் கிராமத்தை வைத்து ஓ.வி. விஜயன் எழுதி 1969இல் புத்தகமாக வந்த நாவலே போதும். காற்றாலைகளைக் கஞ்சிக்கோட்டில் நட்டு மின்வாரியமும் தன் பங்குக்கு அதைப் பயன்படுத்திக்கொண்டது. அதே காற்று ஜன்னல் வழியாக வந்து சிபியு பெட்டிக்குள் சேர்க்கும் புழுதியைத்தான் எவரும் கண்டுகொள்ளவில்லை.

அந்தப் புழுதி என்ன செய்கிறது? பிராசசரின் மேலே அலுமினியத் தகடுகளை நெருக்கமாக அடுக்கிய ஒரு ஹீட்சிங்க், அதன் தலையில் ஒரு ஃபேன். தகடுகளின் இடுக்கில் புழுதி படிந்து, வருடம் போகப் போகக் கம்பளிபோல ஒரு போர்வை ஆகிவிடுகிறது. மார்கழிக் குளிரில் இது யாருக்கும் தெரியாது. பங்குனி பிறந்ததும் தெரியும். 2024 ஏப்ரலில் பாலக்காட்டு வெயில் 41 டிகிரியைத் தாண்டியது. வெப்ப அலை எச்சரிக்கையே கொடுத்தார்கள். எந்த ஃபேனும் அறையில் உள்ள காற்றைத்தான் எடுத்து வீசும். அறைச் சூட்டுக்குக் கீழே சிப்பைக் குளிர்விக்க அதனால் ஆகாது. வெளிநாட்டுக்காரர்கள் 22 டிகிரி அறையில் உட்கார்ந்து அளந்து, சிப் 75 டிகிரியில் நிற்கும் என்று எழுதிவைக்கிறார்கள். அதே பெட்டியை எலப்புள்ளியில் ஓட்டு வீட்டுக்குள், 38 டிகிரியில் வைத்தால் கணக்கு 90க்கு மேல் போகும். 95, 100 டிகிரி நெருங்கியதும் சிப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. திரை திக்குவது அப்போதுதான். ஃபேன் அலறுவதும் அப்போதுதான்.

ஆகவே ஃபேன் இங்கே சாட்சி, குற்றவாளி வேறு. சாட்சி உரக்கப் பேசுகிறார் என்பதற்காக அவரைக் கழற்றி எறிந்துவிட்டுப் புது ஃபேன் வாங்குவதே ஊர் வழக்கம். புது ஃபேனும் அதே புழுதிமேல் உட்கார்ந்து அதே சாட்சியத்தைச் சொல்லும். ஃபேனே குற்றவாளியாகும் சந்தர்ப்பமும் உண்டு: பேரிங்கில் எண்ணெய் வற்றினால் கரகரக்கும், கேபிள் ஒன்று இறக்கையில் பட்டால் படபடக்கும். முன்னதற்குப் புது ஃபேன், பின்னதற்கு ஒரு டேக். இரண்டையும்விடக் கொடியது சத்தமே இல்லாத ஃபேன். அது நின்றுபோயிருக்கும், பெட்டி அமைதியாகிவிட்டதென்று வீட்டில் எல்லோரும் மகிழ்ந்துகொண்டிருப்பார்கள்.

இப்பகுதியில் பதிவான ஓர் உரையாடல் ஆய்வாளர்க்குப் பயன்படலாம்.

“ஏன்டா, அந்தப் பொட்டி ஏன் இந்த அலறு அலறுது?”

“அதுக்குள்ள மூணு ஃபேன் ஓடுதும்மா.”

“நாங்க நாலு பேரு ஒரு ஃபேனுக்குக் கீழ படுக்கறோம். அதுக்கு மட்டும் மூணா?”

இதற்கு விடை கூறும் நூல் கிடைக்கவில்லை. தண்ணீர் ஓட்டிக் குளிர்விக்கும் கருவி ஒன்று இருப்பதாகவும் அதை வாங்கலாம் என்றும் மகன் அடுத்துச் சொன்னதாகத் தெரிகிறது. குடத்தோடு குழாயடியில் நின்று வந்த தாயிடம் அதைச் சொல்ல அவன் தேர்ந்தெடுத்த நேரம் சரியில்லை.

மூக்கு என்பது ஃபேன். அதில் பிறக்கும் ஒலி இவ்வளவு. இனித் தலை. தலை என்பது கிராபிக்ஸ் கார்டு. விலையும் அப்படித்தான் சொல்கிறது. இதில் பிறப்பது மெல்லிய கீச்சொலி. தெருமுனை டிரான்ஸ்பார்மர் உறுமுகிறதே, அதன் உறவுமுறை இது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் டிரான்ஸ்பார்மரின் இரும்பு நொடிக்கு 100 தடவை நீண்டு சுருங்குவதால் அந்த உறுமல். கார்டில் இருக்கும் சின்னச் சின்னக் காயில்கள் இதையே நொடிக்குப் பல ஆயிரம் தடவை செய்வதால் கீச்சு. விளையாட்டு மும்முரமாக நடக்கும்போதுதான் இது அதிகமாக வரவேண்டும் என்று நினைப்போம். வருவதோ பெரும்பாலும் மெனுத் திரையில்! அங்கே வரைய ஒன்றுமில்லை. ஆகவே கார்டு வெற்றுத் திரையையே நொடிக்கு ஆயிரக்கணக்கில் வரைந்து தள்ளுகிறது. 2021 ஜூலையில் நியூ வேர்ல்ட் என்ற விளையாட்டின் சோதனைப் பதிப்பில், மெனுவில் நின்றபோதே லட்சத்துக்குமேல் விலையுள்ள சில கார்டுகள் செத்துப்போனதாகப் புகார் வந்து, மெனுவுக்கு ஃபிரேம் வரம்பு கட்டினார்கள். நம் வீட்டுக் கீச்சுக்கும் அதே வைத்தியம்தான். செட்டிங்கில் 60 என்று வரம்பு வைத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டாலும் ஆபத்தில்லை.

இந்தக் கீச்சொலியால் குடும்பங்களில் ஒரு சிக்கல் உண்டு. இளம் காதுக்கு ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும். வயது ஏற ஏற உச்சியிலிருந்து குறைந்துகொண்டே வரும். மகன் சத்தம் வருகிறது என்கிறான். தந்தை காதை வைத்துப் பார்த்துவிட்டு, ஒன்றுமில்லை, புதுசு வாங்க நாடகம் என்கிறார். இருவர் சொல்வதும் உண்மை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பாலக்காடு டவுனுக்குப் போனால் அங்கே கடைக்காரருக்கும் ஐம்பது கடந்திருக்கும். அவர் தந்தையின் பக்கம் தீர்ப்புச் சொல்கிறார்.

நெஞ்சு என்பது ஹார்ட் டிஸ்க். நிமிடத்துக்கு 7200 சுற்று, அதாவது நொடிக்கு 120. பெட்டியின் பக்கத்துத் தகடு திருகு தளர்ந்திருந்தால் அந்த 120ஐயும் வாங்கி வீடு முழுக்க முழங்கும். ஒரு திருகாணியில் தீரும் விஷயம். ‘டக்... டக்...’ என்று இடைவெளி விட்டுத் தட்டினால் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு, அன்றைக்கே கல்யாணப் போட்டோக்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட வேண்டும். மற்ற ஒலிகளிலிருந்து இதைப் பிரித்தறிவதே இந்த ஆய்வின் முழுப் பயன் என்றாலும் தகும்.

ஒலி திக்கலை உண்டாக்குவதில்லை என்று மேலே சொன்னதற்கு ஒரு புறனடை இங்கே உண்டு. 2008 இறுதியில், சன் மைக்ரோசிஸ்டம்ஸில் வேலை பார்த்த பிரெண்டன் கிரெக் ஹார்ட் டிஸ்க் அடுக்கின் முன் போய் நின்று தொண்டை கிழியக் கத்தினார். கத்திய நொடியில் டிஸ்க் பதில் சொல்லும் நேரம் எகிறியதை அளந்து வீடியோவாகக் காட்டினார். ஜேனட் ஜாக்சனின் 1989ஆம் ஆண்டுப் பாட்டான ரிதம் நேஷனை ஒலிக்கவிட்டால் சில பழைய லேப்டாப்களின் டிஸ்க் அதிர்ந்து நின்றுவிடும் என்று மைக்ரோசாஃப்டின் ரேமண்ட் சென் 2022இல் எழுதினார். ஆக, அடுக்களையிலிருந்து “அணைச்சுட்டு வாடா” என்று வரும் குரலால்தான் விளையாட்டு திக்கியது என்று ஒரு பையன் வாதிட்டால், கொள்கை அளவில் அதை மறுக்க முடியாது. ஆனால் கிரெக் வாயை டிஸ்க்குக்குப் பக்கத்தில் வைத்துக் கத்தினார் என்பதையும் நேர்மையான ஆய்வாளன் சொல்லியாக வேண்டும். பங்குனியில் நென்மாறை வல்லங்கி வேலாவுக்குப் போடும் வெடியும் எலப்புள்ளி வரை வந்து டிஸ்க்கை அசைக்காது. எஸ்எஸ்டி போட்டவர்களுக்கோ இந்தப் பத்தியே தேவையில்லை. அதில் சுற்றுவதற்கு ஒன்றுமில்லை.

மிடறு ஸ்பீக்கர். மவுஸை நகர்த்தினால் ‘ஸ்ஸ்’, சும்மா இருந்தால் ‘ம்ம்ம்’. இந்த ‘ம்ம்ம்’ வீட்டு வயரிங்கின் குரல். எர்த் இல்லாத பிளக்கில் செருகிய பெட்டியின் இரும்புத் தகட்டில் எஸ்எம்பிஎஸ் என்னும் மின்வழங்கி வழியாகக் கொஞ்சம் மின்சாரம் கசிந்து நிற்கும்; தொட்டால் சுருக்கென்று இருக்கும், ஸ்பீக்கரில் முனகும். மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை உடைத்துவிட்டு இரண்டு முள் சாக்கெட்டில் ஏற்றிய வீடுகளில் இதற்கு மேல் ஆராய ஒன்றுமில்லை. எர்த் கம்பி சரியாகவே இருந்தாலும் கோடையில் மண் காய்ந்துவிட்டால் எர்த் ஒழுங்காக வேலை செய்யாது. குழியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்வது எலக்ட்ரீஷியன்களின் பழைய வழக்கம். எலப்புள்ளியில் ஏப்ரல் மாதம் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய் மண்ணில் ஊற்றிவிட்டு, கம்ப்யூட்டருக்காக என்று பக்கத்து வீட்டில் விளக்கம் சொல்லும் துணிவு வேண்டும்.

இதழ் என்று ஒன்று இருந்தது, டிவிடி தட்டு. வழக்கொழிந்தது.

பெட்டி ஓடவே ஓடாமல் ‘பீப் பீப்’ என்று மட்டும் கூவினால் பெரும்பாலும் ரேம். இதற்கு நாடு முழுக்க ஒரே சடங்கு: ரேமைக் கழற்றி, அதன் தங்கப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து, ஊதி, திரும்பச் செருகுவது. ரப்பர் அழுக்கை எடுக்கிறது என்பார் ஒரு சாரார். கழற்றி மாட்டியதே காரணம், ரப்பர் வெறும் ஆறுதல் என்பார் மற்றொரு சாரார். எதிர்ச்சோதனைக்கு ரப்பர் இல்லாமல் செய்து பார்க்க இதுவரை எந்த மெக்கானிக்கும் ஒப்பவில்லை.

இனித் திக்கல். தொல்காப்பியர் இங்கும் உதவுகிறார். ஒரு மாத்திரை என்பது கண்ணிமைக்கும் நேரம் அல்லது விரல் நொடிக்கும் நேரம். இமைப்பு ஒன்று 100 முதல் 400 மில்லிசெகண்ட் வரை எடுக்கும். நொடிக்கு 60 ஃபிரேம் ஓடும் விளையாட்டில் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட், எனவே ஒரு மாத்திரைக்குள் 6 முதல் 24 ஃபிரேம் அடங்கும். மெய்யெழுத்தளவு, அதாவது அரை மாத்திரை, நின்றால் கண் உறுத்தும். குறிலளவு நின்றால் எதிரி நகர்ந்திருப்பான். நெடிலளவு நின்றால் சுட்டிருப்பான். அளபெடை வந்தால் அவன் அடுத்த ஆளைத் தேடிப் போயிருப்பான்.

இதைச் சராசரி காட்டாது. ஒரு நிமிடத்தில் பத்து ஃபிரேம் மட்டும் தலைக்கு 200 மில்லிசெகண்ட் இழுத்து, மற்றதெல்லாம் ஒழுங்காக ஓடியதாக வைப்போம். சராசரி 58 என்றே வரும். கடைக்காரர் அந்த 58ஐக் காட்டி, பெட்டியில் குறையில்லை என்று அனுப்பிவிடுவார். பாலக்காடு மாவட்டத்தின் மழைச் சராசரியைப் பார்த்தால் கிழக்கே மழை மறைவில் கிடக்கும் ஊர்களில் குடிநீர் லாரி ஓடும் என்று எவன் நம்புவான்? பார்க்கவேண்டியது மிக மோசமான நூற்றில் ஒரு பங்கு ஃபிரேம்களை.

பொழுது வைத்தும் காரணத்தைப் பிரிக்கலாம். வேனிலும் நண்பகலும் பாலைக்கு உரியவை. அப்போது வரும் திக்கல் சூட்டால். மாலையில் ஊரெல்லாம் விளக்குப் போடும் நேரத்தில் ஸ்டெபிலைசர் ‘டிக் டிக்’ என்று ரிலே மாற்றும். பழி உடனே வோல்ட்டேஜ் மேல் விழும். பெரும்பாலான எஸ்எம்பிஎஸ் வோல்ட்டேஜ் இறங்கினாலும் தாங்கிக்கொள்ளும். தாங்காவிட்டால் பெட்டி அணையுமே தவிர திக்காது. சத்தமில்லாமல் கெடுப்பவை வேறு: பின்னால் இறங்கிக்கொண்டிருக்கும் அப்டேட், இரண்டு துண்டாகப் போடாமல் ஒரே துண்டாகப் போட்ட ரேம், கரண்ட் போனதும் பேட்டரிக்கு மாறி வேகத்தைப் பாதியாக்கிய லேப்டாப். பெட்டியின் மேல் பிழையே இல்லாத திக்கலும் உண்டு. சில விளையாட்டுகளில் ஒரு வெடிப்போ நெருப்போ முதன்முதல் வரும்போது ஒரு திக்கு, இரண்டாம் முறை சுத்தம். அந்தக் காட்சிக்கான நிரலைக் கம்ப்யூட்டர் அந்தக் கணத்தில்தான் கார்டுக்கு ஏற்றபடி மாற்றித் தயாரிக்கிறது. 2022இல் வந்த எல்டன் ரிங் மிக உயர்ந்த கம்ப்யூட்டர்களிலும் திக்கியது. பணம் உள்ளவனும் இல்லாதவனும் சமமாகத் திக்கியதை இத்துறையின் அரிய நிகழ்ச்சிகளில் ஒன்றாகக் கொள்ளலாம்.

எல்லாம் பார்த்து, பிளோயரால் புழுதி ஊதி, சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவிலுள்ள பேஸ்ட் மாற்றி, திருகு முடுக்கி, எர்த் சரிசெய்த பிறகும் பெட்டிக்குள்ளிருந்து ‘ச்சு ச்சு ச்சு’ என்று வந்தால், அது மேற்சொன்ன எவ்வகையிலும் அடங்காது. அது பல்லி. எஸ்எம்பிஎஸ்ஸின் கதகதப்புக்கு வந்து குடியேறியிருக்கும். இந்த ஒலிக்குப் புதிதாக இலக்கணம் எழுத வேண்டியதில்லை. கௌளி சாஸ்திரம் கிழமை வாரியாகவும் திசை வாரியாகவும் பஞ்சாங்கத்திலேயே அச்சாகியிருக்கிறது. பெட்டி வீட்டின் எந்தத் திசையில் இருக்கிறது என்று பார்த்துப் பலன் தெரிந்துகொள்ளலாம். அதற்குள் அது மதர்போர்டின் மேல் ஏறிவிட்டால் பலன் எல்லாக் கிழமைக்கும் ஒன்றே. ஆகவே முதலில் பிளக்கைப் பிடுங்கிவிடவும்.