பச்சைப் புள்ளிக்கு என்ன தெரியும்?

கேள்வி: வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன். டீம்ஸில் என் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி அணைந்தாலே மேனேஜரிடமிருந்து போன் வருகிறது. அதை வைத்து என் ஒத்துழைப்பை அளக்க முடியுமா?
– வாசகி, மாஹிம் மேற்கு

பதில்: முடியாது. மவுஸோ கீபோர்டோ அசைந்ததா என்பதுதான் அதற்குத் தெரியும். நேற்று புதிதாகச் சேர்ந்த பையனுக்கு நீங்கள் அரை மணி நேரம் போனில் வேலை சொல்லிக் கொடுத்திருந்தால், அந்த அரை மணியும் உங்கள் கணக்கில் ‘ஆள் இல்லை’தான்.

கேள்வி: அப்படியானால் எதைத்தான் அளப்பது?
– வாசகர், செம்பூர்

பதில்: யார் பேசுகிறார்கள், யார் பேசவே இல்லை என்பதை. 2010இல் ‘சயின்ஸ்’ இதழில் அனிதா வூலி குழுவினரின் ஆய்வு வந்தது. 699 பேரைச் சிறு குழுக்களாக்கி வேலை கொடுத்துப் பார்த்தார்கள். குழுவில் மகா புத்திசாலி ஒருவர் இருப்பது பெரிதாக உதவவில்லை. பேச்சு எல்லோருக்கும் பகிர்ந்து கிடைத்த குழுக்களும், அடுத்தவர் மனநிலையைப் பிடிக்கத் தெரிந்தவர்கள் இருந்த குழுக்களும் ஜெயித்தன. முகம் பார்க்காமல், எழுத்தில் மட்டும் பேசிக்கொண்ட குழுக்களிலும் அடுத்தவர் மனதைப் பிடிக்கும் அந்தத் திறமை எடுபட்டது என்று 2014இல் வந்த ஆய்வு சொல்கிறது.

கேள்வி: நாலு பேர் சேர்ந்து கட்டிங் சாய்க்குப் போனால் முறைக்கிறார்கள். தப்பா?
– வாசகர், மாட்டுங்கா

பதில்: முறைப்பவரிடம் இதைச் சொல்லுங்கள். எம்.ஐ.டி.யின் அலெக்ஸ் பென்ட்லண்ட் குழு, கழுத்தில் மாட்டும் பேட்ஜ் ஒன்றைச் செய்தது. யார் யாரோடு எவ்வளவு நேரம் பேசுகிறார், எந்தத் தொனியில் பேசுகிறார் என்பதை அது பதியும். என்ன பேசினார் என்பதைப் பதியாது. ஒரு வங்கியின் கால் சென்டரில் அதைப் போட்டுப் பார்த்தபின், ஒரே டீமில் இருப்பவர்கள் ஒரே நேரத்தில் பிரேக் போகட்டும் என்று பென்ட்லண்ட் சொன்னார். அப்படிச் செய்ததும், பின்தங்கிய டீம்களில் ஒரு அழைப்பை முடிக்க ஆகும் நேரம் 20 சதவீதத்துக்கு மேல் குறைந்தது.

கேள்வி: ஆபீசா, வீடா? ஒரே வார்த்தையில்.
– வாசகி, தாராவி

பதில்: ஒரே வார்த்தை போதாது, இரண்டு வேலைக்கு இரண்டு பதில். 2022இல் ‘நேச்சர்’ இதழில் வந்த சோதனையில், நேரில் உட்கார்ந்த ஜோடிகளுக்குப் புது யோசனைகள் அதிகம் வந்தன. அறையில் ஒரு எலும்புக்கூடு படத்தையும் ஒரு கிண்ணம் எலுமிச்சையையும் வைத்திருந்தார்கள். நேரில் இருந்தவர்கள் இப்படிப்பட்டவற்றை அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். வீடியோவில் பேசியவர்களின் கண் பெரும்பாலும் திரையிலேயே நின்றது, யோசனையும் அதோடு குறுகியது. ஆனால் வந்த யோசனைகளில் நல்லதைப் பொறுக்குவதில் வீடியோ ஜோடிகள் சளைக்கவில்லை. ஆகவே யோசிக்க நேரில் கூடுங்கள், முடிவெடுக்க ரயிலேற வேண்டாம்.

கேள்வி: எல்லாம் வெளிநாட்டுக் கதை. நம்ம ஏரியாவில்?
– வாசகர், மாஹிம் கிழக்கு

பதில்: உங்கள் வார்டிலேயே நடந்ததே! தாதர், மாஹிம், தாராவி மூன்றும் மும்பை மாநகராட்சியின் ஜி வடக்கு வார்டு. 2020 ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் கொரோனா நோயாளி. மாஹிம்-தாராவி மருத்துவர் சங்கத்து டாக்டர்கள் பிபிஇ உடைக்குள் வியர்த்து வழிய, கையில் தெர்மல் ஸ்கேனரோடு சந்து சந்தாகப் போனார்கள். மாநகராட்சி ஆளுக்குத் தயங்கிய கதவு, பல வருடம் மருந்து கொடுத்த டாக்டருக்குத் திறந்தது. நோயாளிகள் எண்ணிக்கை இரட்டிப்பாக ஏப்ரலில் 18 நாள் ஆனது. மே மாதம் 43 நாள், பரவல் அவ்வளவு மெதுவானது. ஊரடங்குக்கும் இதில் பங்குண்டு. ஆனாலும் அவர்கள் பார்த்த அளவைக் கவனியுங்கள். யார் எத்தனை மெசேஜ் போட்டார் என்று யாரும் எண்ணவில்லை, நோய் தணிகிறதா என்று எண்ணினார்கள். கூட்டு வேலைக்கு இதைவிட நேர்மையான அளவுகோல் எனக்குத் தெரியாது.

கேள்வி: சொல்லாமல் கொள்ளாமல் எங்களை அளந்தால் என்ன செய்வது?
– வாசகி, சயான்

பதில்: 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வேலை தொடர்பான சில தேவைகளுக்கு உங்கள் சம்மதம் இல்லாமலே டேட்டாவைப் பயன்படுத்த முதலாளிக்கு இடம் தருகிறது. எனக்கு அது உறுத்துகிறது. அதனால் நீங்களே கேளுங்கள்: எதைப் பதிகிறீர்கள், எத்தனை நாள் வைத்திருப்பீர்கள், என்னைப் பற்றிய கணக்கை எனக்குக் காட்டுவீர்களா, இன்க்ரிமென்ட்டில் இது சேருமா? தனியாகக் கேட்காதீர்கள், டீமாகச் சேர்ந்து மெயிலில் கேளுங்கள்.