நாக்கே ஆய்வுக்கூடம்

சாப்பாட்டில் நஞ்சு இருக்கிறதா என்று பார்க்கப் பணக்கார நாடுகள் கோடி கோடியாகக் கொட்டி ஆய்வுக்கூடம் கட்டுகின்றன. பிழைக்கத் தெரியாதவர்கள். நம் அரசிடம் இருக்கும் கருவிக்கு மின்சாரம் வேண்டாம், டெண்டர் வேண்டாம். அது வாத்தியாரின் நாக்கு.

2013 ஜூலை 16. பீகாரில் சாரண் மாவட்டம், கண்டாமன் கிராமத்துப் பள்ளிக்கூடம். மதியத்துக்குச் சோறு, சோயாவும் உருளைக்கிழங்கும் போட்ட குழம்பு. தாளித்த எண்ணெயில் மோனோகுரோட்டபாஸ் கலந்திருந்தது. பயிருக்கு அடிக்கும் பூச்சிமருந்து. எண்ணெய் சரியில்லை என்று சமைத்த அம்மா சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை. ஏழை வீட்டுப் பிள்ளை, தட்டில் விழுந்ததைச் சாப்பிட்டது. வாந்தி, வயிற்றுவலி, மூச்சுத்திணறல். 23 பிள்ளைகள் செத்துப்போனார்கள்.

அரசு சும்மா இருக்குமா? ஏற்கெனவே இருந்த விதியைத் தூசி தட்டி எடுத்தது: பரிமாறும் முன் ஆசிரியர் ருசி பார்க்க வேண்டும். ஆகா! நாடாப்புழு முட்டைக்கு என்ன ருசி, ஐயா? பூஞ்சை பிடித்த கடலையில் இருக்கும் அஃப்ளடாக்சின் புளிக்குமா, கரிக்குமா? கெட்ட உணவால் உலகத்தில் ஆண்டுக்கு 60 கோடிப் பேர் நோயில் விழுகிறார்கள், 4,20,000 பேர் சாகிறார்கள், அதில் 1,25,000 பேர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள் என்று 2015இல் உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொன்னது. அத்தனை பேருக்கும் நாக்கு இருந்தது.

கண்டாமன் பள்ளியின் தலைமை ஆசிரியைக்கு 2016இல் தண்டனை கிடைத்தது. கிடைக்கட்டும். மருந்து மட்டும் நிரபராதியாகக் கடை அலமாரியில் உட்கார்ந்திருந்தது. இத்தனைக்கும் இதைத் தடை செய்யப் பாருங்கள் என்று 2009இலேயே உலக சுகாதார நிறுவனம் இந்தியாவிடம் சொல்லியிருந்தது. காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று 2005இலேயே நாமும் ஒரு தடை போட்டிருந்தோம். பருத்திக்கு அடிக்கலாம், கத்திரிக்காய்க்குக் கூடாது என்றோம். எந்தச் செடிக்குப் போகிறோம் என்று பாட்டிலுக்குத் தெரியும் போல!

மாநில அரசு தானாகத் தடை போட நினைத்தால்? 1968ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டம் தாராளமாக இடம் கொடுக்கிறது: 60 நாள். விசாரணை முடியாவிட்டால் இன்னும் 30 நாள். அதற்குப் பிறகு நஞ்சு திருந்திவிடும் என்பது சட்டம் எழுதியவர்களின் நம்பிக்கை.

ஒருவழியாக 2023இல், பிள்ளைகள் செத்துப் பத்து வருஷம் கழித்து, மோனோகுரோட்டபாஸ் 36 சதவீதக் கரைசலுக்கு மத்திய அரசு முடிவு கட்டியது. அதிலும் கருணை: கையிருப்பை விற்றுத் தீர்க்க அவகாசம் கொடுத்தது. வியாபாரி நஷ்டப்பட்டால் யார் பதில் சொல்வது? பெற்றவர்கள் நஷ்டப்பட்டால் இழப்பீட்டுக் காசோலை நீட்டினால் போதும். இழப்பீட்டை உடனே அறிவித்தார்கள். தடை எழுதப் பத்து வருஷம்.

நாக்குதான் கருவி என்று முடிவாகிவிட்டால், நாக்குகளுக்கா பஞ்சம்? சம்பளத்தோடு டெல்லியில் எத்தனையோ இருக்கின்றன. வரிசையை அங்கிருந்து தொடங்கலாம். முதல் கவளம், மருந்துக்கு அனுமதி தந்த பதிவுக் குழுவுக்கு. இரண்டாவது, அதைத் தயாரித்த முதலாளிக்கு. மூன்றாவது, கோப்பைப் பத்து வருஷம் அடைகாத்த அதிகாரிக்கு. எல்லோரும் உண்டு, ஏப்பம் விட்டு, அரை நாள் நல்லபடியாக நடமாடிக் காட்டட்டும்.

அதற்குப் பிறகு பிள்ளைகளுக்குத் தட்டு வைக்கலாம்.