இடைச்செருகல் இலக்கணம்: சி பிளஸ் பிளஸ் மேப்பை முன்வைத்து

நிரலாளர் ‘மேப்’ என வழங்குவது, திறவுகோல் ஒன்றும் அதற்குரிய மதிப்பு ஒன்றுமாக இணைகளைச் சேர்த்து வைக்கும் கொள்கலமாகும். டீக்கடைக் கடன் நோட்டில் ஆளின் பெயர் திறவுகோல், அவர் தர வேண்டிய தொகை மதிப்பு. திறவுகோலைச் ‘சாவி’ என்றால் போர்த்துக்கீசியச் சொல் என்றும், ‘திறப்பு’ என்றால் ஈழத்து வழக்கு என்றும் மறுப்பு எழும். இவ்விவாதம் முடியும்வரை பூட்டிய கதவுக்கு வெளியே நிற்பது கலைச்சொல் அறிஞர் மரபாதலின், அவர்களை அங்கேயே விட்டு இக்கட்டுரை உள்ளே செல்கிறது.

மேப்பில் புதிய இணையைப் புகுத்தும் வழிகள் பல. 1998ஆம் ஆண்டுத் தரவரையறையிலேயே உள்ள ‘இன்செர்ட்’ அடக்கமுடையது. அப்பெயரில் ஏற்கெனவே ஒருவர் இருப்பின் பழைய கணக்கைத் தொடாமல் திரும்பி வந்து, தான் எதையும் செருகவில்லை என்பதை ‘ஃபால்ஸ்’ என்னும் குறிப்பால் உணர்த்தும். அக்குறிப்பு நூலின் அணிந்துரையைப் போன்றது. இருக்கும், எவரும் பார்ப்பதில்லை. 2011இல் வந்த ‘எம்ப்ளேஸ்’ அதன் தம்பி. 2017இல் வந்த ‘இன்செர்ட் ஆர் அசைன்’ தன் உரையைத் தன் பெயரிலேயே சுமப்பதால் விளக்கம் வேண்டா.

எஞ்சியது சதுர அடைப்புக்குறி. ஆய்வுலகம் உறக்கம் துறக்க வேண்டிய இடம் இதுவே. வெற்று நோட்டில் ‘முருகன் பாக்கி எவ்வளவு’ என்று இவ்வடைப்பினால் கேட்ட மாத்திரத்தில், கடைப்பக்கமே வந்திராத முருகனுக்கு ஒரு வரி தோன்றி, அதில் பூச்சியமும் எழுதப்பட்டு, நோட்டின் அளவு ஒன்றாகிவிடுகிறது. மேப் திறவுகோல்களை வரிசைப்படுத்தியே வைப்பதால், பின்னர் மாரியும் முத்துவும் வந்து கடன் சொன்னாலும் அவர்களுக்கு அடுத்து முருகன் முறைப்படி வீற்றிருப்பார். எள்ளில் எண்ணெய்போல முருகன் முன்பே நோட்டில் மறைந்திருந்தார் என்பர் சற்காரியவாதிகள். இல்லாதவர் புதிதாகப் பிறந்தார் என்பர் அசற்காரியவாதிகள். இரண்டுமன்று, கேட்டவரே முருகன் என்று பெயரறியா உரைகாரர் ஒருவர் கூறியதாகவும், அதை இன்னொரு பெயரறியா உரைகாரர் எழுபது பாட்டில் மறுத்ததாகவும், இரண்டையும் கண்டிராத மூன்றாமவர் அடிக்குறிப்பில் எழுதிய ஏடு, அப்பக்கம் மட்டும் செல்லரித்த நிலையில் கிடைத்துள்ளது. அவ்வோட்டையின் வடிவம் முதலாமவர் கட்சிக்கே சாதகம் என்று பட்டம் பெற்றோரும் உளர்.

உண்மைக் காரணம் எளியது. இவ்வடைப்பு மதிப்பின் நகலைத் தருவதில்லை, மதிப்பு இருக்கும் இடத்தையே சுட்டித் தருகிறது; சுட்ட ஓர் இடம் வேண்டுமாதலின் இல்லாவிடில் உண்டாக்குகிறது. மாற்றலாகாது என ‘கான்ஸ்ட்’ முத்திரை பெற்ற மேப்பில் இக்கேள்வியைக் கம்பைலரே ஏற்காமைக்கும், ஒரு நூலில் எச்சொல் எத்தனை முறை வருகிறது என்பதை ஒற்றை வரியில் எண்ண முடிவதற்கும் இதுவே காரணம்.

எவரையும் பிறப்பிக்காமல் ‘உளரா’ என்று மட்டும் கேட்கும் ‘கன்டெய்ன்ஸ்’ 2020இல்தான் வந்தது. அதற்குமுன் ‘ஃபைண்ட்’ கொண்டு தேடலாம். அதை எழுதச் சலித்தோர், ஒரு பெயர் ஒருமுறைக்கு மேல் வரவே இயலாத நோட்டிடம் ‘கவுன்ட்’ கொண்டு ‘எத்தனை முருகன்கள் உளர்’ என்று இருபத்திரண்டு ஆண்டுகள் கேட்டு வந்தனர்.