திறந்தால் செல்லாது

எங்கள் கொஸ்லந்தப் பக்கம் ரேடியோ, டீவியைத் திறப்பவர்களில் முதலிடம் எறும்புக்கு. அடுத்தது பல்லி. மனுஷன் மூன்றாவதாகத்தான் வருகிறான். ஆனால் 'திறந்தால் வாரண்டி செல்லாது' என்ற ஸ்டிக்கர் மூன்றாமவனுக்கு மட்டும்தான்.

சுண்டுவிரல் நகமளவு ஸ்டிக்கர். சரியாக ஒரு ஸ்குருவின் தலைமேல் உட்கார்ந்திருக்கும். கிள்ளினால் முழுசாக வராது, பொடிப்பொடியாக வரும். சந்தியிலுள்ள ரேடியோ பாஸ் அதைக் கழற்றும் அழகே தனி. ஹேர் டிரையரால் சூடு காட்டி, பிளேடு முனையை மெல்ல உள்ளே விட்டு, தூக்கி ஒரு கண்ணாடித் துண்டில் ஒட்டி வைப்பார். வேலை முடிந்ததும் அதே இடத்தில், அதே கோணலோடு திரும்ப ஒட்டுவார். தாலி கட்டும்போதுகூட இவ்வளவு கவனமாக இருந்திருப்பாரா என்பது சந்தேகம்.

எங்கள் டீவிக்குள் ஒரு பல்லி, பவர் போர்டில் இரண்டு முனைக்கும் பாலமாகப் படுத்து உயிரை விட்டிருந்தது. "இது கம்பெனி பார்ட் இல்லண்ணே" என்றார் பாஸ், குறட்டால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு.

கடைக்குப் போயிருந்தால்? பெட்டியைக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும், அனுப்புகிற செலவு உங்களுடையது என்பார் முதலாளி. அதோடு வாரண்டி கார்டைத் திருப்பிக் காட்டுவார்: இடி மின்னல், வோல்டேஜ் ஏற்ற இறக்கம், துரு, பூச்சி, இவற்றுக்கு வாரண்டி கிடையாது. ஐப்பசி பிறந்தால் பின்னேரமெல்லாம் இடி இடிக்கிற ஊர் இது. லயத்தில் எல்லாரும் ஒரே நேரத்தில் ரைஸ் குக்கரைப் போட்டால் பல்பு மங்கும். அந்த நாலையும் கழித்தால் இங்கே ஒரு டீவி சாவதற்கு முதுமையைத் தவிர வேறு காரணமே இல்லை.

கம்ப்யூட்டர் கடைப் பில்லில் இன்னொரு விசேஷம் உண்டு. ஒரு வருஷ வாரண்டி, அதில் 14 வேலை நாள் கழிவு! கொழுந்து குறைந்தால் ஒரு நாள் சம்பளப் பேர் அரைப்பேர் ஆவதைத் தோட்டத்தில் பார்த்திருக்கிறோம். வருஷத்துக்கே அரைப்பேர் போட்டவர்கள் இவர்கள்தான்.

போன்காரர்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். உள்ளே ஒரு வெள்ளைப் பொட்டு வைத்திருப்பார்கள். தண்ணீர் பட்டால் சிவக்கும், சிவந்தால் வாரண்டி போச்சு. வெறும் ஈரக்காற்றுக்கே பொட்டு நிறம் மாறுகிறது என்று அமெரிக்காவில் வழக்குப் போட்டார்கள். ஆப்பிள் கம்பெனி 2013இல் 5 கோடியே 30 லட்சம் டாலர் தருவதாகச் சமரசத்துக்கு வந்தது. எங்கள் பக்கத்துப் பெரகலைப் பனியில் ஒரு ராத்திரி அந்தப் போனை வைத்திருந்தால் வழக்கு இன்னும் சீக்கிரம் முடிந்திருக்கும்.

அதே அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டிலேயே மேக்னசன்-மாஸ் சட்டம் வந்துவிட்டது. வெளியாளிடம் திருத்தினாய் என்பதற்காக மட்டும் வாரண்டியை மறுக்க முடியாது. அந்தத் திருத்தத்தால்தான் பழுதானது என்று கம்பெனி காட்ட வேண்டும். 2018இல் அங்கே அரசின் வர்த்தக ஆணையம் சோனி, மைக்ரோசாப்ட், நின்டெண்டோ உட்பட ஆறு கம்பெனிகளுக்கு, இப்படி வாரண்டியை மறுக்கக்கூடாது என்று எச்சரிக்கைக் கடிதம் போட்டது. நம்ம பாஸ் இதைக் கேட்டுச் சந்தோஷப்படவில்லை. "அப்ப நான் ஸ்டிக்கரை உரிக்கப் படிச்சது வீணா?" என்றார்.

நம் நாட்டிலும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை இருக்கிறது. தொலைபேசி இலக்கம் 1977. திறந்த பொருளாதாரம் வந்து ஊரெல்லாம் ரேடியோ கெசட் பெட்டி குவியத் தொடங்கியதும் அதே 1977இல்தான். யாரோ யோசித்துத்தான் நம்பர் கொடுத்திருக்கிறார்கள். சொன்ன வாரண்டிக்குப் பொருள் ஒத்துவராவிட்டால் அங்கே முறையிடலாம். ஆனால் எழுத்தில், வாங்கி மூன்று மாதத்துக்குள். ஆகவே பில்லைப் பத்திரமாக வையுங்கள், கெட்டுப்போவதானால் மூன்று மாதத்துக்குள் கெட்டுப்போகும்படி டீவியிடமும் சொல்லி வையுங்கள்.