பிரிக்கும் முன் அளப்பவர் யார்?

கே: என் பிரீமியர் பத்மினியில் மிஸ்ஸிங். போகிற ஒர்க்‌ஷாப்பில் எல்லாம் 'ஸ்கேன் போட்டுப் பார்க்கலாம்' என்கிறார்களே? (மதுரை வாசகர்)

ப: கார்பரேட்டரும் பாயிண்டும் வைத்து ஓடும் பத்மினியில் ஸ்கேனரைச் செருக இடமே கிடையாது. அப்படிச் சொல்பவர் பானெட்டைத் திறப்பதற்குள் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

கே: அப்படியானால் இந்தக் கார்கள் தெரிந்த மெக்கானிக்கை எங்கே பிடிப்பது? (திருவள்ளூர் வாசகர்)

ப: ஒர்க்‌ஷாப் போர்டுகளைப் பார்த்து அலையாதீர்கள், ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போங்கள். சென்னை என்றால் ஜி.பி. ரோடு, பழைய சாமானுக்குப் புதுப்பேட்டை. கல்லாவில் இருப்பவரிடம், "பத்மினிக்கு பாயிண்ட் செட், கண்டன்சர், கார்பரேட்டர் கிட் வாங்க இப்பவும் யாருண்ணே வர்றாங்க?" என்று கேளுங்கள். இரண்டு மூன்று பெயர் சொல்வார். அடுத்து, போர் அடிக்கும் லேத் பட்டறை. பிளாக்கைக் கொண்டுவருகிறவர்களில் யார் தானே போரை அளந்து சைஸ் எழுதித் தருகிறார், யார் 'பார்த்துப் பண்ணுங்க' என்று போட்டுவிட்டுப் போகிறார் என்பது லேத்காரருக்கு அத்துப்படி. இரண்டு இடத்திலும் ஒரே பெயர் அடிபட்டால் அவரைத் தேடிப் போங்கள். மெட்ராஸ் ஹெரிடேஜ் மோட்டரிங் கிளப் போன்ற பழைய கார் பிரியர்களின் சங்கங்களிலும் விசாரிக்கலாம்.

கே: அம்பாசடரில் பிக்கப் இல்லை. மெக்கானிக் சத்தத்தைக் கேட்டதுமே 'எஞ்சினை இறக்கணும்' என்கிறார். நம்பலாமா? (கும்பகோணம் வாசகர்)

ப: கம்ப்ரஷன் பார்த்தாரா என்று கேளுங்கள். பார்க்காமல் சொன்னார் என்றால் நம்பாதீர்கள்.

அரை மணி நேர வேலைதான். முதலில் டேப்பெட் கேப்பைச் சரிபார்க்க வேண்டும். பிறகு எஞ்சின் சூடாக இருக்கும்போது நாலு பிளக்கையும் கழற்றி, காயில் ஒயரை எடுத்துவிட்டு, ஆக்சிலேட்டரை முழுக்க அழுத்திக்கொண்டு செல்ஃப் அடிக்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டராக கேஜ் வைத்து அளவைக் குறிப்பார். ஒன்று மட்டும் குறைந்தால் அந்தச் சிலிண்டரின் பிளக் ஓட்டையில் ஒரு ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு நன்றாக ஏறினால் கோளாறு ரிங்கில் அல்லது போரில். ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வில். அடுத்தடுத்த இரண்டு சிலிண்டரும் சேர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். வால்வோ கேஸ்கட்டோ என்றால் ஹெட்டைக் கழற்றினால் போதும், எஞ்சினை இறக்க வேண்டாம். உங்களுக்கு எவ்வளவு செலவு மிச்சம்!

இன்னொன்றையும் கவனியுங்கள். கழற்றிய பிளக்குகளை அவர் எங்கே வைக்கிறார்? நல்ல மெக்கானிக் ஒரு துணியை விரித்து, சிலிண்டர் வரிசைப்படி அடுக்குவார். பிளக் நுனி இளம்பழுப்பு என்றால் எரிப்பு சரி. வறண்ட கரி என்றால் பெட்ரோல் அதிகம். ஈரப் பிசுக்கோடு கரி என்றால் ஆயில் மேலே வருகிறது. நாலையும் ஒரே டப்பாவில் போட்டுக் குலுக்கினால், எந்தக் கரி எந்தச் சிலிண்டருடையது என்று யாருக்குத் தெரியும்?

கே: என் அம்பாசடரில் இருப்பது 1489 சிசி பெட்ரோலா, 1817 சிசி இசுசுவா என்றே எனக்குத் தெரியாது. தெரிந்தாக வேண்டுமா? (சேலம் வாசகர்)

ப: கட்டாயம். டீசலுக்கு மாற்றிய வண்டிகளும் உண்டு. எஞ்சின் எது என்று கேட்காமல் ஸ்பானரை எடுப்பவரிடம் வண்டியை விடாதீர்கள்.

கே: அரை மணி ஓடினால் வண்டி ஆஃப் ஆகிறது. ஆறவிட்டால் கிளம்புகிறது. மெக்கானிக்குகள் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். (வேலூர் வாசகர்)

ப: அவர்களில் யாராவது வண்டி நின்ற நிமிடத்தில் பார்த்தார்களா? ஆறிய எஞ்சினில் தடயமே இருக்காது. 'நானே ஓட்டி, நிற்க வைத்துப் பார்க்கிறேன்' என்று சொல்பவர்தான் உங்களுக்கு வேண்டும். நின்றதும் பிளக்கில் பொறி வருகிறதா என்று பார்ப்பார். பொறி இல்லை, அல்லது மஞ்சளாக மங்கி வருகிறது என்றால் காயில், கண்டன்சர் பக்கம் போவார். நீலமாகச் சுளீரென்று வந்தால் பெட்ரோல் பக்கம். பம்ப் மேல் ஈரத்துணி போட்டதும் கிளம்பினால் வேப்பர் லாக். டேங்க் மூடியைத் திறக்கும்போது உஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் காற்றோட்டத் துளை அடைத்திருக்கிறது. அதைச் சுத்தம் செய்யச் செலவே இல்லை.

கே: புது கண்டன்சர் போட்டும் அதே தொல்லை. அப்போது கண்டன்சர் காரணமில்லைதானே? (ஈரோடு வாசகர்)

ப: புதிதென்றால் நல்லதென்று அர்த்தமில்லை. ஓடுகிற இன்னொரு வண்டியின் கண்டன்சரை மாட்டிப் பாருங்கள்.

கே: பங்கில் இப்போது கிடைக்கும் 20 சதவீத எத்தனால் பெட்ரோல் ஆகுமா? (கோவை வாசகர்)

ப: பழைய ரப்பர் ஹோஸ்களுக்கு ஆகாது. எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றுங்கள். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதானால் கார்பரேட்டரைக் காலி செய்துவிட்டு நிறுத்துங்கள்.

கே: எதையும் மாற்றவில்லை. கோளாறைக் கண்டுபிடித்துச் சொன்னதற்கே காசு கேட்கிறார். நியாயமா? (திருச்சி வாசகர்)

ப: முழு நியாயம். கேட்பதற்கு முன்பே கொடுத்திருக்க வேண்டும். பார்ட்ஸ் மாற்றினால்தான் கூலி என்று நாம்தான் பழக்கினோம். அதனால் கண்டுபிடிக்கத் தெரிந்தவரும் மாற்றியே பிழைக்க வேண்டியதாயிற்று. 'பார்க்க இவ்வளவு, வேலைக்குத் தனி' என்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

கே: எங்கள் ஊரில் அம்பாசடர் அறிந்த ஒரே மெக்கானிக்குக் கண் மங்கிவிட்டது. பிளேடு கேஜில் எண்ணைப் படிக்க முடியவில்லை. வேறு ஆள் பார்க்கட்டுமா? (காரைக்குடி வாசகர்)

ப: ஐயோ, விட்டுவிடாதீர்கள்! எண்ணை நீங்கள் படியுங்கள். 0.40 மில்லிமீட்டர் பிளேடை எடுத்து அவர் கையில் கொடுத்தால், பாயிண்டுக்கு நடுவில் அது எவ்வளவு பிடிப்போடு நகர வேண்டும் என்பதை விரல் சொல்லிவிடும். தொழில் கற்க ஆசையுள்ள பையன் யாராவது இருந்தால் கூடவே கூட்டிப் போங்கள். பாயிண்ட் கேப், டேப்பெட் அளவு, நாலு சிலிண்டரின் கம்ப்ரஷன் எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி டேஷ்போர்டிலேயே வையுங்கள்.