நான் அப்பவே சொன்னேன்: தாம்பரம் வட்டாரத்தில் வழங்கும் நான்காம் காலம் பற்றிய ஆய்வு

இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்று காலம் மூன்றே எனச் சொல்லிக்கொடுத்த நம் தமிழாசிரியர்களில் ஒருவர்கூட, டெஸ்ட் மேட்ச் நடக்கிற நாளில் கிழக்குத் தாம்பரம் டீக்கடையில் நின்றிருக்க மாட்டார். நின்றிருந்தால் நான்காவதாக ஒன்று இருப்பது தெரிந்திருக்கும். "நான் அப்பவே சொன்னேன்" என்ற வாக்கியத்தில் வருவது அது. வினைமுற்றைப் பார்த்தால் இறந்தகாலம். பொருளைப் பார்த்தால் எதிர்காலம், நடக்கப்போவதைச் சொன்னதாகத்தானே பேச்சு. வாயிலிருந்து வருவதோ விக்கெட் விழுந்த மூன்றாவது விநாடியில், அதாவது நிகழ்காலத்தில். மூன்றையும் ஒரே வாயில் அடக்கிய இதற்கு 'முன்பின் காலம்' என்று பெயரிட்டிருக்கிறேன். இதைவிட நல்ல பெயர் ஒன்றை அப்பவே சொன்னதாக என் மைத்துனர் கூறுகிறார். ஆய்வு நெறிப்படி அதைப் பதிவு செய்கிறேன்.

இவ்வாய்வின் எல்லை வடக்கே பல்லாவரம், தெற்கே பெருங்களத்தூர், கிழக்கே சேலையூர், மேற்கே முடிச்சூர். காலம் 2025 ஜூன் 20 முதல் ஆகஸ்ட் 4 வரை. இங்கிலாந்தில் இந்தியா ஆடிய ஐந்து டெஸ்ட், ஐந்தும் ஐந்தாம் நாள் வரை இழுத்து, 2-2 என்று முடிந்த தொடர். ஆய்வாளனுக்கு இப்படி ஒரு பருவம் வாழ்நாளில் ஒருமுறைதான் வாய்க்கும். அடிலெய்டில் 2020 டிசம்பர் 19 அன்று நடந்ததைப் போல, வைத்த பால் பொங்குவதற்குள் 36 ரன்னுக்குச் சுருண்டுவிட்டால் யார் எப்போது எதைச் சொல்ல முடியும்? ஆஸ்திரேலியாவில் ஆடினால் வேறொரு தொல்லையும் உண்டு. ஆட்டம் விடியற்காலையில் தொடங்கிவிடும், அவனவன் வீட்டில் போர்வைக்குள் தனியாகக் கிடந்து பார்ப்பான், சாட்சிக்கு ஆள் இருக்காது. இங்கிலாந்து ஆட்டம் நமக்கு மாலை 3.30. அந்த நேரத்தில்தான் வாழைக்காய் பஜ்ஜியும் எண்ணெயில் விழுகிறது. டெஸ்ட் கிரிக்கெட்டைக் கண்டுபிடித்தவர்கள் தாம்பரத்து டீ நேரத்தை மனதில் வைத்துத்தான் இங்கிலாந்தை அந்தத் தீர்க்கரேகையில் வைத்தார்கள் என்பது என் துணிபு.

இனிச் சொற்பொருள். 'நான்' என்பதற்கு விளக்கம் வேண்டாம், அது எல்லாருக்கும் தெரிந்த ஆள். 'அப்பவே' என்பதில்தான் சிக்கல். எப்போது? டாஸ் போட்டபோதா, அணியை அறிவித்தபோதா, சுப்மன் கில்லைக் கேப்டன் ஆக்கியபோதா? கேட்டால் கோபம் வரும். 'ஏ' என்ற ஈறு தேற்றேகாரம் என்று மாணவர்கள் எழுதிவிடுவார்கள். தவறு. இது தேற்றிக்கொள்ளும் ஏகாரம். 'சொன்னேன்' என்பதற்கு 'நினைத்தேன்' என்பதே நேர்பொருள். 'நினைத்திருக்கலாம்' என்பாரும் உளர்.

இந்த வாக்கியத்துக்குச் சாட்சி உண்டா என்றால், உண்டு. எப்போதும் மனைவிதான். "வேணும்னா உங்க அத்தையைக் கேளு!" என்றார் என் மாமா. அத்தையைக் கேட்டேன். அரிசி களைந்துகொண்டிருந்த அத்தை நிமிராமலே சொன்னார்: "அவர் ஏதாவது சொல்லிக்கிட்டேதான் இருப்பார். நான் சரி சரின்னுவேன்." மாமா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். சாட்சியம் ஏற்கப்பட்டுவிட்டதாம்.

பாடபேதம் பற்றியும் சொல்ல வேண்டும். குரோம்பேட்டையிலிருக்கும் என் பெரியப்பா 1986 செப்டம்பர் 22 அன்று சேப்பாக்கத்தில் இருந்தவர். டீன் ஜோன்ஸ் வாந்தியெடுத்துக்கொண்டே 210 அடித்த ஆட்டம். கடைசி நாளில் இந்தியாவுக்கு 348 வேண்டும். பறக்கும் ரயில் இல்லாத காலம் அது, பார்க் ஸ்டேஷனுக்கு வந்துதான் தாம்பரம் வண்டியைப் பிடிக்க வேண்டும். கூட்டத்துக்குப் பயந்து, "இது டிராதான்" என்று சொல்லிவிட்டு முன்னாலேயே கிளம்பிவிட்டார். அவர் ரயிலில் ஜன்னலோரம் பிடித்து உட்கார்ந்த பிறகு, ஒரு பந்து மீதமிருக்க மணிந்தர் சிங் எல்.பி.டபிள்யூ. ஆகி ஆட்டம் 'டை' ஆனது. டெஸ்ட் வரலாற்றில் அதற்கு முன் ஒரே ஒருமுறை, 1960-இல் பிரிஸ்பேனில் நடந்தது. 'டிரா' என்பது பெரியம்மா பாடம். 'டை' என்பது பெரியப்பா பாடம். முப்பத்தொன்பது ஆண்டுகளாக இரண்டு பாடமும் ஒரே வீட்டில் வழங்கிவருகின்றன. "ரெண்டுலயும் யாரும் ஜெயிக்கலை இல்ல? அப்புறம் என்ன?" என்பது பெரியப்பா உரை. இதை மறுக்க என்னிடம் வாதமில்லை.

பேச்சுக்குப் பேச்சு வெல்வது, நடக்காத ஒன்றைப் பற்றிச் சொன்ன 'அப்பவே'தான் என்பதையும் இத்தொடரில் கண்டேன். குல்தீப் யாதவை ஐந்து டெஸ்ட்டிலும் எடுக்கவில்லை. அதனால் "குல்தீப்ப எடுக்கணும்னு அப்பவே சொன்னேன் சார்" என்றவர்கள் ஐந்து டெஸ்ட்டிலும் தோற்கவில்லை. ஹெடிங்லியில் ஐந்து சதம் அடித்தும், 371 ரன்னைத் துரத்தவிட்டுத் தோற்றோம். அப்போது குல்தீப் இருந்திருக்க வேண்டும். எட்ஜ்பாஸ்டனில் கில் 269-உம் 161-உம் அடித்து 336 ரன்னில் ஜெயித்தோம். குல்தீப் இருந்திருந்தால் இன்னும் சீக்கிரம் முடிந்திருக்கும். ஆடாத ஆட்டக்காரரைப் போல ஆடுபவர் உலகில் இல்லை.

அடுத்தது தொழில்நுட்பம். நூற்பா: கேபிள் முந்தும், கைப்பேசி பிந்தும், நடுவே மாடிப்படி நிற்கும். உரை: செல்போனில் வரும் ஒளிபரப்பு, காட்சியைத் துண்டு துண்டாக்கி, கொஞ்சம் சேமித்துக்கொண்டு, அப்புறம்தான் திரைக்கு அனுப்புகிறது. அதனால் சில பந்து நேரம்கூடப் பின்தங்கும். கேபிளில் அதே காட்சி முன்னதாகவே வந்துவிடும். சேலையூரில் நான் பார்த்த அடுக்ககத்தில் மூன்றாம் மாடியில் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர், கேபிள் வைத்திருக்கிறார். தரைத்தளத்தில் கல்லூரி மாணவன், கையில் போன். பெரியவர் மாடிப்படி வளைவில் நின்றபடி, "தம்பி, இப்ப பாரு, விக்கெட்டு" என்பார். விழும். "நாலு போகும் பாரு" என்பார். போகும். பையன் அவரை ஞானி என்றே நம்பி, செமஸ்டர் ரிசல்ட்டைப் பற்றியும் கேட்டிருக்கிறான். என் ஆய்வில் உண்மையிலேயே அப்பவே சொன்னவர் இவர் ஒருவர்தான். பல்லாவரத்திலும் இதே முறை உண்டு, ஆனால் மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் தலைக்கு மேல் போகும்போது தீர்க்கதரிசனம் காதில் விழாது.

சொல்லி வைத்துத் தோற்றவரும் உண்டு, அவர் சென்னைப் பையன் என்பதில் நமக்குப் பெருமையே. லார்ட்ஸில் நாலாம் நாள் வாஷிங்டன் சுந்தர் 22 ரன் கொடுத்து 4 விக்கெட் எடுத்தார். மாலையில் கேமரா முன் நின்று, நாளைக்கு இந்தியா நிச்சயம் ஜெயிக்கும், மதிய உணவுக்குக் கொஞ்சம் பின்னால் முடிந்துவிடும் என்றார். மறுநாள் ஆர்ச்சர் வீசிய பந்தை அவரிடமே கொடுத்து 0-க்கு வெளியேறினார். 193-க்கு 170. சிராஜ் நன்றாகத்தான் தடுத்தார், பந்து பின்பக்கமாக உருண்டுபோய் ஸ்டம்பைத் தட்டி ஒரு பைல் விழுந்தது. 22 ரன்னில் தோல்வி. அன்று தாம்பரத்தில் எல்லாரும் அப்பவே சொல்லியிருந்தார்கள். வாஷிங்டன் மட்டும் முதல் நாளே சொல்லியிருந்தார். முன்கூட்டிச் சொல்வதிலுள்ள ஆபத்து இதனால் விளங்கும். (மான்செஸ்டரில் அவரே ஆட்டமிழக்காமல் 101 அடித்து, ஜடேஜாவோடு நின்று, ஸ்டோக்ஸ் நீட்டிய கையை மறுத்து டிரா ஆக்கினார். அதைப் பற்றி முதல் நாள் எதுவும் சொன்னதாகத் தெரியவில்லை.)

இனி ஓவல். ஆகஸ்ட் 3, ஞாயிற்றுக்கிழமை. ஹாரி புரூக் 19-இல் இருக்கும்போது தூக்கி அடித்ததை சிராஜ் பிடித்தார், பிடித்த கையோடு எல்லைக்கோட்டுத் திண்டை மிதித்தார். புரூக் 111 வரை போனார். டீக்கடையில் பாய்லருக்குப் பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர், "இந்த சிராஜ வெளிய வைங்கடான்னு நான் அப்பவே சொன்னேன்" என்றார். தேதியும் நேரமும் குறித்துக்கொண்டேன்.

மறுநாள் திங்கள். நாலு விக்கெட் கையிலிருக்க இங்கிலாந்துக்கு 35 ரன்தான் வேண்டும். பிஸ்கட் ஜாடியில் சாய்த்து வைத்த போனைச் சுற்றி ஏழெட்டுப் பேர். ஓவர்ட்டன் முதல் ஓவரிலேயே இரண்டு பவுண்டரி அடித்ததும் ஒருவர் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, "முடிஞ்சுது, நான் கிளம்பறேன்" என்றார். வண்டியை உதைக்கவில்லை. ஸ்மித் அவுட். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து, "சொன்னேன் இல்ல?" என்று குரல் வந்தது. என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. டீ மாஸ்டர் ஆற்றுவதை நிறுத்திவிட்டார். தோள்பட்டை நழுவிய கிறிஸ் வோக்ஸ், ஸ்வெட்டருக்குள் இடது கையைக் கட்டிக்கொண்டு மட்டையோடு இறங்கியபோது யாரும் பேசவில்லை, பஜ்ஜி எண்ணெய்ச் சத்தம் மட்டும். அட்கின்சன் ஒரு சிக்ஸர் அடித்தார். பிறகு சிராஜ் அவருடைய ஆஃப் ஸ்டம்பைப் பெயர்த்தார். ஆறு ரன். டெஸ்ட் வரலாற்றில் இந்தியாவின் மிகக் குறைந்த ரன் வித்தியாச வெற்றி. தொடரில் 23 விக்கெட்டோடு சிராஜ் முதலிடம்.

"சிராஜ்தான் முடிப்பான்னு நான் அப்பவே சொன்னேன்!" என்றார் ஆட்டோக்காரர். ஞாயிறு சொன்னதும் அவர்தான். குறிப்பேட்டை நீட்டிக் காட்டினேன். படித்துப் பார்த்துவிட்டு, "இது அப்ப சொன்னது சார். நான் சொல்றது அப்பவே சொன்னது" என்றார். ஏகாரம் பற்றி எழுதிய பக்கங்களை அன்றிரவே திருத்தினேன்.

சிராஜிடம் மட்டும் ஆவணம் இருந்தது. அன்று காலை எழுந்ததும், நம்பு என்று எழுதிய ரொனால்டோ படம் ஒன்றைத் தேடி எடுத்து போன் முகப்பில் வைத்துக்கொண்டதாகப் பேட்டியில் சொன்னார். நம் வட்டாரத்தார் அந்த அளவுக்குப் போவதில்லை. நம் போன்களில் முருகன் படம்தான் இருக்கிறது, அது எல்லாத் தொடருக்கும் பொருந்தும்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் விட்டால் ஆய்வு நேர்மையாகாது. 1999 ஜனவரி 31. பாகிஸ்தானுக்கு எதிராக 271 வேண்டும். முதுகுவலியோடு டெண்டுல்கர் 136. அவர் போனபோது தேவை 17, மிச்ச மூன்று விக்கெட்டும் நாலு ரன்னுக்குள் போயின. 12 ரன் தோல்வி. சேப்பாக்கம் எழுந்து நின்று பாகிஸ்தானுக்குக் கைதட்டியது. அன்று தாம்பரம் வண்டியில் நானும் வந்தேன். கிண்டி, பழவந்தாங்கல், குரோம்பேட்டை என்று ஸ்டேஷன் ஸ்டேஷனாகச் சனம் இறங்கிப் போனது. ஒருவர்கூட அந்த வாக்கியத்தைச் சொல்லவில்லை.

கடைசியாக எங்கள் தெரு முனை இஸ்திரி வண்டிக்காரர். ஐந்து டெஸ்ட்டுக்கும் டாஸ் போடுமுன் கேட்டேன். ஐந்துமுறையும் "தோக்கும் சார்" என்றார். கில் ஐந்து டாஸும் தோற்றார். காசைச் சுண்டினால் அப்படி நடக்க 32-இல் ஒரு வாய்ப்புத்தான். எப்படி ஐயா என்றேன். "நான் எப்பவுமே தோக்கும்னுதான் சார் சொல்லுவேன்" என்றார். ஓவல் கடைசி நாளைக்கும் அதையே சொல்லியிருந்தார். மாலை நாலரைக்கு மேல் சட்டை வாங்கப் போனபோது, ஆறு ரன்னில் ஜெயித்துவிட்டோம் என்றேன். கரிப்பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "தோக்கும்னு சொன்னேன். தப்பாப் போச்சு சார்" என்று சொல்லிவிட்டு அடுத்த சட்டைக்குத் தண்ணீர் தெளித்தார். தாம்பரம் வட்டாரத்தில் சுத்தமான இறந்தகாலத்தில் ஒருவர் கிரிக்கெட் பேசி நான் கேட்டது அது ஒன்றுதான்.

இவ்வாய்வைத் தொடர வாசகர் உதவி தேவை. அடுத்த தொடரில் அப்பவே சொல்ல இருப்பவர்கள், சொல்வதைத் தாளில் எழுதி, தேதியும் மணியும் போட்டு, பந்து போடுமுன் டீக்கடையில் கொடுத்துவிட வேண்டுகிறேன். பலித்தால் ஒரு டீயும் இரண்டு பஜ்ஜியும் என் கணக்கு. மனைவியின் சாட்சியம் ஏற்கப்பட மாட்டாது. கேபிள் வைத்திருப்பவர்கள் கலந்துகொள்ள வேண்டாம்.