புள்ளிவிவரத்துக்குக் கால்ஷீட் உண்டா?

அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' 1951-ல் புத்தகமாக வந்தது. டிவி தொடர் 2021-ல். ஏன் இந்தத் தாமதம்?
கதைப்படி, பேரரசு விழுந்த பிறகு வரப்போகும் 30,000 வருட இருட்டை 1,000 வருடமாகச் சுருக்கப் பார்க்கிறார் கணித மேதை ஹாரி செல்டன். 70 வருடம் எல்லாம் ஒரு தாமதமா?

நாவலில் கதாநாயகன் யார்?
புள்ளிவிவரம்! கோடிக்கணக்கான ஜனங்கள் சேர்ந்து எப்படி நடந்துகொள்வார்கள் என்பதுதான் செல்டனின் கணக்கு. தனி மனிதனுக்கு அதில் வேலையில்லை. ஒரு பகுதியில் சக்கைப்போடு போடுபவர் அடுத்த பகுதியில் தாத்தா காலத்து ஆளாகிவிடுவார். டிவிக்கோ வாராவாரம் அதே முகம் வேண்டும். ஆகவே பேரரசரை குளோன் செய்து, தலைமுறை தலைமுறையாக நடிகர் லீ பேஸையே சிம்மாசனத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். அசிமோவ் எழுதாத சமாசாரம். தொடரிலேயே உருப்படியானதும் (என் கட்சி) அதுதான்.

நாவலில் ஆணாக வரும் சால்வர் ஹார்டினைத் தொடரில் பெண்ணாக்கியது அநியாயம் இல்லையா?
முதல் புத்தகத்தில் பெண்களைத் தேட பூதக்கண்ணாடி வேண்டும். ஆக்கட்டுமே! ஆனால் நாவலின் ஹார்டின், ஆயுதம் தூக்காமல் எதிரியை மடக்கும் அரசியல்வாதி. அவர் கையில் துப்பாக்கியைக் கொடுத்தார்களே, அதைக் கேளுங்கள்.

புத்தகம் படிக்காமல் தொடரைப் பார்க்கலாமா?
தாராளமாக. படித்தவர்களுக்குத்தான் ரத்தக்கொதிப்பு.

அசிமோவ் இருந்திருந்தால் வழக்குப் போட்டிருப்பாரோ?
யார்மேல்? தயாரிப்பாளர் பட்டியலில் அவர் மகள் ராபினும் இருக்கிறாரே!